எட்டு என்று எழுதப்பட்ட முதுகு

ஒரு மனிதனின் முதுகு வலிக்கு விலை ஒரு குடை. மடக்கினால் கைப்பைக்குள் அடங்கிவிடும் குடை. அதன் துணியில், மழை பெய்தால் எதிரில் வருகிறவர் படிக்கும்படி, "உங்கள் வலி எங்களுக்கு விலைமதிப்பற்றது" என்று அச்சடித்திருந்தார்கள். விலைமதிப்பற்றதற்குக் குடை எதற்கு என்று கேட்கக் கூடாது. விலையே இல்லாத சரக்கை வாங்குகிறவர்கள் கையில் அகப்பட்டதைக் கொடுத்துவிட்டு நகர்வதுதான் எந்தக் கடைத்தெருவிலும் வழக்கம்.

வலியைக் கொடுத்துக் குடையை வாங்கியவர் ஒரு துணிக்கடையில் துணி அளந்து வெட்டுகிறவர். கடையில் அவருக்கு முழக்கோல் என்று பெயர். நெடுநெடுவென்று நிமிர்ந்து நின்ற காலத்தில் வைத்த பெயர் அது. பிறகு ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். பெயர் மட்டும் நேராகவே நின்றது. இருபத்தாறு வருடமாக ஒரே மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கடையில் வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாது. "உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தா வர்றவங்களுக்கு அவசரம் போயிடும், அவசரம் போனா பேரம் வந்துடும்" என்பது முதலாளியின் கொள்கை. அவர் மட்டும் கல்லாவில் உட்கார்ந்தபடி இதைச் சொல்வார்.

இரண்டு வருடமாக முழக்கோலுக்கு இடுப்பில் தொடங்கிய வலி இடது கால் வழியாகக் குதிகால் வரை இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி கல்நெஞ்சக்காரர் அல்ல.

"டாக்டர்கிட்ட ஒரு வரி எழுதி வாங்கிட்டு வா. மறுநாளே ஸ்டூல் போடறேன். நானா போட்டேன்னு வை, எல்லாரும் வந்து நிப்பானுங்க. காகிதம் இருந்தா ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான்" என்றார்.

ஒரு வரி. அதற்காகத்தான் முழக்கோல் அரை நாள் விடுப்பு எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு ஒரு நோயாளிக்கு ஏழு நிமிடம். கதவுக்கு மேலே கடிகாரம். அவர் முதுகை அழுத்திப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார், "நின்னுக்கிட்டே வேலையா?" என்று கேட்டார், பதில் வருவதற்குள் தலையையும் ஆட்டிவிட்டார். காகிதத்தை இழுத்து, "இவரை வேலை நேரத்தில்" என்று எழுதினார். இன்னும் இரண்டே வார்த்தை பாக்கி. அப்போது கதவு திறந்தது.

வந்த பெண்மணியின் கையில் பலகை போன்ற ஒரு கணினி. வெளியே காத்திருக்கும் கூட்டம் அவருக்கு நம்பரம்மா என்று பெயர் வைத்திருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நம்பர் கேட்பது அவர் வேலை.

"டாக்டர், மூணு மாசத்துக்கு மேல வலியா இவருக்கு?"

"ரெண்டு வருஷம்."

நம்பரம்மாவின் முகம் மலர்ந்தது. ரக வாரியாகத் தேடிக்கொண்டிருந்த துணி கிடைத்தவரைப் போல முழக்கோலை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஆய்வின் பெயரைச் சொன்னார். "ஆரம்ப நிலை மருத்துவத்தில் நாள்பட்ட வலியை மேலாண்மை செய்வதற்கான நோயாளியை மையமாகக் கொண்ட ஒருங்கிணைந்த அணுகுமுறையின் பயன்திறன் குறித்த ஆய்வு." இதற்குள் டாக்டரம்மாவின் ஏழு நிமிடத்தில் ஒன்று கழிந்துவிட்டது.

"சேர்ந்தா சீக்கிரம் கவனிப்பாங்களா?" என்று கேட்டார் முழக்கோல்.

"உங்களைக் கவனிச்சுக்கிட்டே இருப்போம்" என்றார் நம்பரம்மா. அது உண்மை என்று பிற்பாடு தெரிந்தது.

கையெழுத்துப் போட்டதும் கையில் குடை வந்தது, அதைத் தொடர்ந்து முதல் கேள்வி வந்தது.

"உங்க வலிக்கு ஒரு நம்பர் சொல்லுங்க. பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா இதுக்கு மேல ஒரு மனுஷனால தாங்கவே முடியாது."

முழக்கோல் கண்ணை மூடி இடுப்பைக் கேட்டார். இடுப்பு ஆறு என்றது. ஆனால் பிறந்ததிலிருந்து கடைத்தெருவில் வளர்ந்தவர் ஆறுள்ள பொருளுக்கு ஆறு என்று எப்படிச் சொல்வார்? ஆறு என்றால் நாலில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எட்டு என்று தொடங்கினால் அந்தம்மா ஐந்து என்பார், இவர் ஏழுக்கு இறங்குவார், அந்தம்மா ஒரு முறை எழுந்து போவதுபோலப் பாவனை செய்வார், கடைசியில் ஆறில் முடியும். எல்லோருக்கும் திருப்தி.

"எட்டு" என்றார்.

"எட்டு" என்று சொல்லிக்கொண்டே நம்பரம்மா தட்டினார்.

முழக்கோல் காத்திருந்தார். அடுத்த பேச்சு வரவில்லை.

"என்னங்க, எழுதிட்டீங்களா?"

"எழுதியாச்சு."

"எட்டுன்னா எட்டா? நீங்க ஒண்ணும் கேக்கலையே?"

"நோயாளி சொல்றதை நாங்க அப்படியே நம்புவோம் சார். அதான் எங்க கொள்கை."

இருபத்தாறு வருடத்தில் முதலில் சொன்ன விலைக்கே சரக்கை எடுத்துக்கொண்டு போன முதல் ஆள். முழக்கோலுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, ஒன்பது சொல்லியிருக்கலாமோ என்றும் இருந்தது.

அடுத்து கணினி குலுக்கிப் போட்டது. ஆய்வில் இரண்டு குழு. ஒன்று கவனிப்புக் குழு. மற்றது வழக்கமான குழு. முழக்கோலுக்கு வழக்கமான குழு விழுந்தது. டாக்டரம்மா மறுபடி பேனாவை எடுத்தார். நம்பரம்மா அந்தக் காகிதத்தை மெல்ல, ஒரு குழந்தையைத் தீயிலிருந்து விலக்குகிறவரைப் போல, ஓரமாக நகர்த்தினார்.

"இதை எழுதக் கூடாது டாக்டர்."

"ஏன்? ஒரு ஸ்டூல்தானே?"

"ஸ்டூல்ல உட்கார்ந்தா வலி குறையும்."

"அதுக்குத்தானே எழுதறேன்!"

"குறைஞ்சா, அது எதனால குறைஞ்சதுன்னு குழப்பம் வரும்."

"நீங்கதான் இவருக்கு ஒண்ணும் செய்யப் போறதில்லையே?"

"அதான் டாக்டர். ஒண்ணும் செய்யாம இருந்தா என்ன ஆகும்கிறதைச் சுத்தமாப் பார்க்கணும். நடுவுல யாராவது ஏதாவது செஞ்சுட்டா கலப்படமாயிடும்."

"அப்ப வழக்கமான குழுவுக்கு வழக்கமா என்னங்க நடக்கும்?" என்று முழக்கோல் இடையில் புகுந்தார்.

"ஒண்ணும் நடக்காது."

"இதுவரைக்கும் அப்படித்தானே இருந்துச்சு?"

"ஆமா. ஆனா இனிமே அதை நாங்க ரொம்ப ஜாக்கிரதையாச் செய்வோம்."

கதவுக்கு மேலே கடிகாரம் ஏழு நிமிடத்தைத் தாண்டியது. மூன்று வார்த்தைக் காகிதத்தை டாக்டரம்மா மேஜையின் இழுப்பறையில் போட்டார். முழக்கோல் குடையோடு வெளியே வந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, தான் விலகிக்கொள்வதாகச் சொன்னார். தாராளமாக விலகலாம், எந்த நேரமும் விலகலாம், படிவத்திலேயே அப்படித்தான் அச்சாகியிருக்கிறது என்றார் நம்பரம்மா. விலகும் படிவம் மட்டும் ஆய்வின் இயக்குநரிடம் இருக்கிறது. இயக்குநர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருவார்.

நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனாராம்.

மாதம் ஒரு முறை முழக்கோல் போய் முப்பத்து நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதினார். நடைபாதையில் முதுகுக்கு மெத்தை வைத்த நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவை கவனிப்புக் குழுவுக்குரிய சிகிச்சையில் சேர்த்தி என்பதால், வழக்கமான குழு சுவரோரம் நின்று சுவரில் காகிதத்தை வைத்து எழுதியது. "கடந்த மாதத்தில் எத்தனை முறை குனிந்தீர்கள்?" என்பது ஒன்பதாவது கேள்வி. "உங்கள் வலியை ஒரு விலங்காக நினைத்தால் எந்த விலங்கு?" என்பது இருபத்திரண்டாவது. முழக்கோல் நெடுநேரம் யோசித்து, "முதலாளி" என்று எழுதினார். அடுத்த மாதம் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டிருந்தார்கள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கவனிப்புக் குழுவுக்கு வகுப்பு நடக்கும். ஒரு நாள் உள்ளேயிருந்து ஒரு லாரி ஓட்டுநர் சோம்பல் முறித்துக்கொண்டு வந்தார். நன்றாகத் தூங்கியிருந்தது முகத்தில் தெரிந்தது.

"உள்ள என்னங்க சொல்றாங்க?" என்று முழக்கோல் ஆவலோடு கேட்டார்.

"வலி மனசுல இருக்குன்னாங்க."

"முதுகுல இல்லையா?"

"முதுகு அடுத்த வாரம்."

"நாற்காலி எப்படி?"

ஓட்டுநர் கண்ணை மூடித் திறந்தார். "அது நல்லாயிருக்கு. அதுக்குத்தான் வரேன்."

மூன்றாவது மாதம் ஆய்வு வீட்டுக்குள் நுழைந்தது. முழக்கோலின் மனைவி ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கிறவர். சாயங்காலம் வந்ததும் கணவரைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பில் வெந்நீர்ப் பையை வைப்பார். முழக்கோல் இதை இருபத்தேழாவது கேள்விக்கு உண்மையாக எழுதித் தொலைத்துவிட்டார். மறுநாளே நம்பரம்மா வீட்டுக்கு வந்து நின்றார்.

"அம்மா, வழக்கமா செய்யறது எதுவா இருந்தாலும் செய்யலாம். புதுசா ஒண்ணும் கூடாது. இந்தப் பை எப்பத்திலேருந்து?"

"நான் கல்யாணமாகி வர்றப்பவே இந்த வீட்டுல இருந்தது. மாமியாரோடது. ரெண்டு இடத்துல ஒழுகுது. இந்த வாரம் புதுசு வாங்கப் போறேன்."

"வாங்கக் கூடாது."

"ஏன்?"

"புதுப் பைன்னா நல்லா வேலை செய்யும்."

மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் குடையைப் பார்த்தார்.

"அப்ப இவருக்கு வலிச்சா நான் என்ன பண்ணணும்? பாத்துக்கிட்டு உக்காரணுமா?"

"ஒழுகுற பைக்கு அனுமதி உண்டும்மா. அதை நான் எழுதிக்கிறேன். நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஆய்வு முடியும்வரை புதிய வெந்நீர்ப் பை வாங்க மாட்டேன் என்று மனைவி உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டார். நம்பரம்மா போனதும், "ஒரு ஸ்டூல் வாங்கிட்டு வரேன்னு போன ஆளு, இருந்த பையையும் கட்டிப்போட்டுட்டு வந்திருக்கீங்க" என்றார். முழக்கோல் ஒழுகும் பைக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தார். முதுகு நனைந்திருந்தது.

ஆறாவது மாதம் இயக்குநர் வந்தார். கூட்டம் கூட்டினார்கள். கவனிப்புக் குழு அமர்ந்தது. வழக்கமான குழு நின்றது. நாற்பது பேரோடு தொடங்கிய வழக்கமான குழுவில் அன்று நின்றவர்கள் நான்கே பேர். மற்றவர்கள் யாருக்கும் சொல்லாமல் எங்கெங்கோ போய் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, ஒன்றைப் பெருமையோடு சொல்கிறேன். இந்த ஆறு மாதத்தில் நமது வழக்கமான குழுவில் ஒருவருக்குக்கூட எந்த உதவியும் போய்ச் சேரவில்லை. இது சாதாரண விஷயமல்ல. மருத்துவர்கள் உதவிசெய்து பழகியவர்கள். கொஞ்சம் அசந்தால் ஏதாவது செய்துவிடுவார்கள். அவர்களது கருணையைக் கட்டுக்குள் வைக்கத் தனியாக மூன்று பேரை நியமிக்க வேண்டியிருந்தது. குடும்பத்தினரும் சளைத்தவர்களல்ல. கணவனுக்கு வலித்தால் மனைவி பேசாமல் இருப்பதில்லை. இத்தனை தடைகளையும் மீறி நாம் இந்தத் துன்பத்தை அப்பழுக்கில்லாமல் காப்பாற்றியிருக்கிறோம். நோயாளியே நமது மையம். மையம் என்பது அசையக் கூடாது."

கைதட்டினார்கள். டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

கூட்டம் முடிந்ததும் ஆறு மாதத்துக்குப் பிறகு மறுபடியும் அந்தக் கேள்வி. நம்பரம்மா கணினியைத் தட்டத் தயாராக விரலை வைத்திருந்தார்.

"இப்ப வலி எவ்வளவு சார்?"

இந்த ஆறு மாதத்தில் முழக்கோலுக்கு ஒன்று புரிந்திருந்தது. இங்கே யாரும் பேரம் பேசுவதில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம் ஏற்றிச் சொன்னது தன் தப்பு. இந்த முறை சரியாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து வந்திருந்தார்.

"ஆறு."

விரல் தட்டவில்லை.

"ஆறா?"

"ஆறு."

நம்பரம்மா எழுந்து போனார். சற்று நேரத்தில் முழக்கோலை இயக்குநரின் அறைக்கு அழைத்தார்கள். டாக்டரம்மாவும் அங்கே இருந்தார்.

"எட்டு எப்படி ஆறாச்சு? யார் என்ன செஞ்சாங்க?" என்றார் இயக்குநர். குரலில், வீட்டில் களவு போனவரின் பதற்றம்.

"யாரும் ஒண்ணும் செய்யலைங்க. அன்னிக்கும் ஆறுதான். எட்டுன்னது சும்மா சொல்லுவிலை. நீங்க பேசி இறக்குவீங்கன்னு பார்த்தேன். அந்தம்மா பேசவே இல்ல."

"அதெல்லாம் எழுதியாச்சு. எழுதினது எட்டு. இப்ப ஆறுன்னா, ஒண்ணுமே செய்யாத உங்களுக்கு ரெண்டு குறைஞ்சிருக்குன்னு ஆகுது. அந்தப் பக்கம் வகுப்பு, மெத்தை நாற்காலின்னு கொட்டியிருக்கோம், அவங்களுக்கு ஒண்ணுதான் குறைஞ்சிருக்கு. உங்க குழுவுல இருக்கறதே நாலு பேரு. நான் மேல போய் என்ன சொல்றது? ஒண்ணும் செய்யாம இருக்கறதுதான் நல்ல வைத்தியம்னா?"

முழக்கோல் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். இயக்குநர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார்.

"சரி, காலையில எழுந்திரிச்சப்ப எவ்வளவு?"

"ஆறு."

"இங்க வர்றப்ப படி ஏறினீங்களே, அப்ப?"

"ஆறு."

"படி ஏறினா கொஞ்சம் கூடத்தான் இருந்திருக்கும். ஏழரை வெச்சுக்கலாமா?"

முழக்கோல் நிமிர்ந்து பார்த்தார். ஆறு மாதமாக எதிர்பார்த்த பேச்சு இப்போதுதான் வந்திருந்தது. ஆனால் பேரம் தலைகீழாக ஓடியது. வாங்குகிறவர் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஆறுங்க."

"உங்களுக்காக ஏழு. அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "ஏழுன்னு சொல்லிட்டுப் போங்க. ஏதோ காகிதம் பாதியில நிக்குதாமே? டாக்டரம்மா முடிச்சுக் கொடுத்துடுவாங்க. நான் கண்டுக்க மாட்டேன்."

டாக்டரம்மா தரையைப் பார்த்தார்.

ஒரு நம்பர். அதைச் சொன்னால் யாருடைய சோற்றில் மண் விழுந்துவிடும்? மறுநாள் உட்காரலாம். முழக்கோலின் இடது குதிகால் சொல்லிவிடு, சொல்லிவிடு என்றது. நாக்கு நுனிவரை ஏழு வந்தும் விட்டது. ஆனால் இருபத்தாறு வருடம் துணி அளந்த கை. வாய் எத்தனை விலை வேண்டுமானாலும் சொல்லும். மேஜையில் கோலைப் போட்டுவிட்டால் அந்தக் கை யாருக்காகவும் இழுத்ததில்லை, தளர்த்தியதில்லை. இதில் பெரிய தர்மம் ஒன்றுமில்லை. வேறு மாதிரி செய்து பழகவில்லை, அவ்வளவுதான்.

"சார், இது விலைன்னா நான் ஏழென்ன, பத்துக்கும் வருவேன். அளவுன்னு சொல்லித்தானே வாங்கினீங்க? அளவுல ஒரு விரல்கூட என்னால தள்ளிப் போட முடியாது. ஆறு."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். கணினியைத் தன் பக்கம் திருப்பி எதையோ தேடினார்.

"அப்ப உங்களைத் தொடர்பு அறுந்தவர்னு போட்டுடறேன்."

"நான் இங்கதானே நிக்கறேன்?"

"நிக்கறீங்க. தொடர்புல இல்ல."

"அந்த எட்டை அடிச்சிடுவீங்களா?"

"அடிக்க வழி இல்ல. தொடர்பு அறுந்தவருக்கு, கடைசியா எழுதின நம்பரையே முடிவு வரைக்கும் எடுத்துட்டுப் போறது எங்க முறை. பன்னிரண்டாம் மாசமும் உங்களுக்கு எட்டுதான்."

"நான் இல்லாமலேயேவா?"

"நீங்க இல்லாதது ஒரு வகையில வசதி."

"நடுவுல செத்துப்போயிட்டேன்னா?"

"எட்டு" என்றார் இயக்குநர்.

குடையைத் திருப்பித் தர வேண்டுமா என்று முழக்கோல் கேட்டார். வேண்டாம், எட்டு எங்களிடம் இருக்கிறதே என்றார்கள்.

டாக்டரம்மா தன் அறைக்கு வந்து இழுப்பறையைத் திறந்தார். காகிதத்தின் ஓரம் சுருண்டிருந்தது. "இவரை வேலை நேரத்தில்" என்பதற்குப் பக்கத்தில் "உட்கார அனுமதிக்கவும்" என்று எழுதி முத்திரை குத்தினார். முழக்கோல் கதவுக்கு மேலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரையோடு சேர்த்து ஒன்பது விநாடி.

"ஆறு மாசமா இந்த இழுப்பறையைத் திறக்கறப்பெல்லாம் இது கண்ணுல படும்" என்றார் டாக்டரம்மா. "எனக்கும் கழுத்து வலிதாங்க. எட்டு."

"சொல்லுவிலையா?"

"இல்ல. அளவு."

முழக்கோல் கும்பிட்டுவிட்டு வந்தார்.

முதலாளி காகிதத்தை இரண்டு முறை படித்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சொன்ன சொல் தவறாமல் மறுநாளே உயரமான மரஸ்டூல் ஒன்று மேஜைக்குப் பின்னால் வந்து நின்றது.

"உக்காரு. யார் வேணாம்னா? ஆளு வந்தா மட்டும் எழுந்துக்க. அவ்வளவுதான்."

அன்றைக்கு நல்ல வியாபாரம். முழக்கோல் பத்தொன்பது தடவை உட்கார்ந்தார், பத்தொன்பது தடவை எழுந்தார். உட்கார்ந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் முப்பத்திரண்டு நிமிடம். ஆனாலும் கடை மூடும் நேரத்தில் இடுப்பைக் கேட்டபோது அது ஐந்து என்றது. அவர் மறுபடி கேட்டார். ஐந்துதான். மனைவி அன்று புதுப் பை வாங்கி வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போனால் நாலரைகூட ஆகலாம். ஆகும்வரை எழுதுவதில்லை.

துணியில் கோடு போடும் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடி மேஜை ஓரத்தில் எழுதினார்.

கொடுத்தது: ஆறு மாதம். கேள்விக்குப் பதில் இருநூற்று நான்கு. மனைவியின் கையெழுத்து ஒன்று.

வந்தது: குடை ஒன்று. வார்த்தை இரண்டு. நாளொன்றுக்கு முப்பத்திரண்டு நிமிடம்.

வலி, கையிருப்பு: ஐந்து.

வலி, அவர்களிடம் உள்ளது: எட்டு.

கூடுதல் மூன்று. அந்த மூன்று இப்போது எங்கே இருக்கிறது, யாருக்கு வலிக்கிறது என்று எழுதுவதற்காகச் சுண்ணாம்புக்கட்டியை ஊன்றினார். கடைசி நேரத்தில் ஓர் ஆள் படியேறி வந்தார். முழக்கோல் எழுந்தார்.

"மீட்டர் என்ன விலை?" என்றார் வந்தவர்.

முழக்கோல் விலையைச் சொன்னார். வந்தவர் பாதி கேட்டார். முழக்கோலுக்கு மனது லேசாயிற்று. பேசி முடித்து, அளந்து, வெட்டி, மடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது மேஜை ஓரத்தில் துணி உரசியதில் மற்ற வரிகள் அழிந்துபோயிருந்தன. கடைசி வரி மட்டும் நின்றது.

கூடுதல் மூன்று.